நீலத் துணியில் இருந்த முப்பது

1. மைக்கறை

கண்காட்சி திறக்க ஒன்பது நாட்களே இருந்தன. தேம்ஸ் கரையில், பழைய கப்பல்துறைக் கட்டடமொன்றில் இயங்கும் அருங்காட்சியகத்தில் நான் பொருள் பராமரிப்பு உதவியாளராக இருந்தேன். பழைய துணிகளைச் சுருள் பிரித்து, நிலைமையைக் குறித்து, அமிலமில்லாத டிஷ்யூ வைத்து மறுபடி சுற்றுவதுதான் வேலை. போன வருடம் ஓய்வுபெறும்வரை அதைத்தான் செய்தேன்.

அடிமை வணிகத்தில் எதைக் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள் என்பதே அந்தக் கண்காட்சி. சோழி, கண்ணாடி மணி, செம்புக் காப்பு, துப்பாக்கி, துணி. மேற்கு ஆபிரிக்கக் கரையில் இவற்றை இறக்கிவிட்டு ஆட்களை ஏற்றினார்கள். என் மேசைக்கு வந்தது கடும் நீலப் பருத்தித் துணி. 'மான்செஸ்டரில் நெய்தது' என்று லேபிள் அச்சாகியிருந்தது.

கடைசி மடிப்பைப் பிரித்தபோது ஓரத்தில் கறுப்பாக இரண்டு குறிகள். பழைய குறிப்பில் யாரோ 'மைக்கறை' என்று எழுதியிருந்தார்கள். விளக்குப் பூதக்கண்ணாடியை இழுத்துப் பார்த்தேன். கறைக்கு இவ்வளவு ஒழுங்கான வளைவு வராது.

கண்காட்சிப் பொறுப்பாளர் ரேவதியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்ப் பெண். வயதில் என்னைவிட மிக இளையவள், ஆனால் எனக்கு பொஸ்.

"அக்கா, இது தமிழா? 'நய'ன்னு இருக்கே. யாரோட பேராவது இருக்குமா?"

"பேரில்லைப் பிள்ளை, பழைய தமிழ் இலக்கம். எழுத்து மாதிரித்தான் இருக்கும். மூண்டு, பத்து. முப்பது எண்டு அர்த்தம்."

"ஐயோ, எனக்கே தெரியலையே! உங்களுக்கு எப்படி?"

"மனோர் பார்க்கில சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில படிப்பிக்கிறன். பிள்ளையள் கொட்டாவி விடுற பாடம் இதுதான்."

ரேவதி சிரித்துக்கொண்டே என்னைக் கட்டிப்பிடித்தாள். கையுறை அழுக்காகக்கூடாது என்று நான் இரண்டு கைகளையும் மேலே தூக்கியபடி நின்றேன்.

"லேபிள் அச்சடிச்சாச்சே பிள்ளை?"

"கிழிச்சுப் போடுவோம் அக்கா. டைரக்டர்கிட்ட நான் பேசிக்கிறேன்."

நெசவையும் சாயத்தையும் பார்த்த நிபுணர்களும் அது தமிழ்க் கரையோரத் துணிதான் என்றார்கள். முப்பது முழமா, முப்பதாவது கட்டா என்பது இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

2. குளோரியா

அன்று மாலை பஸ்ஸில்தான் எனக்குக் குளோரியாவின் நினைவு வந்தது. துணிகளைச் செப்பனிடும் நிபுணர் அவள். பல வருடங்களாக ஒரே மேசையில் மத்தியானம் சாப்பிட்டு வந்தோம். அவளுடைய முன்னோர் பார்படோஸ் கரும்புத் தோட்டத்தில் அடிமைகளாக இருந்தவர்கள். அவர்களை வாங்கக் கொடுத்த துணி எங்கள் ஆட்கள் நெய்ததாக இருக்கலாம் என்று எந்த வாயால் சொல்வது? மறுநாள் தலையிடி என்று சொல்லிச் சாப்பாட்டு அறைக்கே போகவில்லை.

அதற்கு அடுத்த நாள் அவளே என் மேசைக்கு வந்தாள். ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன். அவள் கதிரையை இழுத்து உட்கார்ந்து அந்த இரண்டு குறிகளையும் வெகுநேரம் பார்த்தாள்.

"நெய்தவர்களுக்கு இது எதற்குப் போகிறது என்று தெரிந்திருக்குமா?"

"தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன். கப்பலில் ஏற்றியவர்களுக்குத் தெரியும்."

"அப்படியென்றால் இரண்டையும் எழுதச் சொல்." பூதக்கண்ணாடியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு சொன்னாள்: "எங்களை எதற்கு விற்றார்கள் என்று அம்மாவிடம் கேட்டால் 'துணிக்கு' என்று மட்டும் சொல்வாள். அந்தத் துணியைத் தொட்ட ஒருவரின் கையெழுத்தை இன்றைக்குத்தான் பார்க்கிறேன். இதை எப்படி வாசிப்பது? சொல்லித் தா."

"முப்பது."

"முப்படு."

மூன்று தரம் திருத்தியும் 'முப்படு' என்றே வந்தது. இருவரும் கண்ணீர் வரச் சிரித்தோம்.

3. திறப்பு நாள்

நெய்தவர்களைப் பற்றியும் கப்பலில் ஏற்றியவர்களைப் பற்றியும் புது லேபிளில் இரண்டு வாக்கியங்களும் இருந்தன. குளோரியாவின் தேவாலயப் பாடகர் குழு வந்து மண்டபம் அதிரப் பாடியது. எனக்குப் பாட ஏலாது என்று சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. வரிசையில் இழுத்து நிறுத்திவிட்டார்கள். சேலையோடு கைதட்டி ஆடினேன். பிறகு குளோரியா தன் சொந்தக்காரர்களைக் கண்ணாடிப் பெட்டியருகே கூட்டிப்போனாள். அது என்ன குறி, எந்த ஊர் இலக்கம் என்று தானே விளக்கினாள். அவளுடைய அண்ணன் என்னைப் பார்த்துத் தொப்பியைக் கழற்றினார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். ஒரு பொருளைப் பற்றிய உண்மை அடுத்த ஆளை நோகடிக்கும் என்று நீங்களாகவே முடிவெடுக்காதீர்கள். அதைக் கேட்பதற்காக அவர் எவ்வளவு காலமாகக் காத்திருக்கிறார் என்பது உங்களுக்குத் தெரியாது.