பட்டதக்கா எழுதிய பதில்

குழந்தைகளுக்கான டப்பா உணவு தயாரிக்கும் அந்தத் தொழிற்சாலையில் அவளுக்குப் ‘பட்டதக்கா’ என்று பெயர். வாடிக்கையாளர்களின் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவள் வேலை. பதினோரு வருடமாக அவள் எழுதிய கடிதங்களில் யாருமே எதையும் செய்ததில்லை. எல்லாம் ‘கவனிக்கப்பட்டது’, ‘ஆராயப்பட்டது’, ‘உறுதி செய்யப்பட்டது’. யார் கவனித்தார், யார் ஆராய்ந்தார் என்பது அந்த ஆண்டவனுக்கே வெளிச்சம். கேன்டீனுக்குள் அவள் நுழைந்தால், சாப்பாடு சாப்பிடப்பட்டதா அக்கா என்று பேக்கிங் பெண்கள் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

சும்மா சொல்லக் கூடாது, வேலையில் கெட்டிக்காரி. முதலில் நன்றி. அப்புறம், உங்களைப் போன்ற அக்கறையுள்ள தாய்மார்களால்தான் எங்கள் தரம் உயர்கிறது என்று தலையில் ஐஸ். நடுவில் இருபத்திரண்டு கட்டச் சோதனை என்று ஓர் எண்ணைச் செருகுவாள். எண்ணைக் கண்டால் எதிராளி பாதி அடங்கிவிடுவான். தாய் ‘வாந்தி’ என்று எழுதியது பதிலில் ‘சிறு அசௌகரியம்’ ஆகிவிடும். விஷம் விற்கிறீர்கள், நாசமாய்ப் போவீர்கள் என்று கொதித்து எழுதுகிறவர்களை ஊதித் தள்ளிவிடுவாள். அவர்களிடம் கோபத்தைத் தவிர ஒன்றும் இருக்காது, ஆதாரம் அனுப்புங்கள் என்றால் போதும்.

அன்று காலை வந்த கடிதத்தில் கோபமே இல்லை. பெயர், ஊரெல்லாம் நீக்கி வெறும் எண்ணோடுதான் புகார்கள் அவள் மேசைக்கு வரும். ‘எட்டு மணிக்குக் குழந்தைக்கு உங்கள் மாவைக் கரைத்துக் கொடுத்தேன். எட்டேகாலுக்கு உதடு வீங்கியது. பிறகு எழுப்பினாலும் எழவில்லை. இப்போது ஆஸ்பத்திரியில் இருக்கிறோம்’ என்று எழுதி, டப்பாவின் அடியில் இருந்த தயாரிப்பு எண்ணையும் குறித்திருந்தாள் அந்தத் தாய்.

அந்த வாரத்தில் இதே மாவைப் பற்றி வந்த நான்காவது புகார் அது. முந்தைய மூன்றுக்கும் வாய்ப்பாடு மாதிரி பதில் அனுப்பியாகிவிட்டது. இதற்கும் நன்றி என்று தட்டச்சு செய்தாள். அடுத்த வரிக்கு விரல் போகவில்லை. தங்கை பிள்ளைக்குக் கொடுக்க வாங்கியிருந்த டப்பா கைப்பையில் கிடந்தது. எடுத்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அதே எண்.

ஒன்பது மாதப் பிள்ளை. போன வாரம்தான் இந்த டப்பா வந்த அதே அட்டைப் பெட்டியிலிருந்து இரண்டு டப்பா கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள், பெரிய வள்ளல் மாதிரி. உடனே போனை எடுத்திருக்க வேண்டாமா? எடுக்கவில்லை. அதுதான் பரிசோதிக்கப்பட்டதே, தங்கையை எதற்குப் பதறவைக்க வேண்டும் என்று தனக்குத்தானே ஒரு பதில் கடிதம் எழுதிக்கொண்டு, சோதனைப் பிரிவுக்கு ஓடினாள்.

பரிசோதனை அதிகாரி நல்ல மனிதர்தான். உட்காரச் சொல்லி, அந்த எண்ணுக்கான அறிக்கையை எடுத்துக் கொடுத்தார். ‘இருபத்திரண்டு கட்டங்களிலும் முழுமையாக பரிசோதிக்கப்பட்டது.’ நடுவில் ‘ப்’ இல்லை. ‘முழுமையாகப்’ என்றல்லவா வர வேண்டும்? அவளுடைய மாதிரிக் கடிதத்தில் வருடக்கணக்காகத் திருத்தாமல் கிடக்கிற பிழை அது. யார் சார் சோதனை பண்ணினது என்று கேட்டாள்.

“இதென்னம்மா கேள்வி? நீங்க லெட்டர்ல எழுதி அனுப்பிட்டீங்க. அதைப் பார்த்துத்தான் நாங்க ரிப்போர்ட் அடிச்சோம்.”

அவளோ இவர்கள் சோதித்திருப்பார்கள் என்று நம்பித்தான் எழுதினாள். மாடிப்படியிலேயே உட்கார்ந்து தங்கையைக் கூப்பிட்டாள். இரண்டு முறை மணி அடித்து ஓய்ந்தது. மூன்றாவது முறை எடுத்தாள்.

பிள்ளை எங்கே என்றாள். தூங்குகிறான், காலையில் கொடுத்ததிலிருந்து நல்ல தூக்கம், அதனால்தான் துணி துவைக்க முடிந்தது என்றாள் தங்கை சந்தோஷமாக.

“எழுப்புடி. இப்பவே எழுப்பு.”

தங்கை நடக்கும் சத்தம், கதவு, பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் சத்தம். மறுபடி கூப்பிட்டாள். மறுபடியும். எவ்வளவு நேரமோ, கடைசியில் ஓர் அழுகை கேட்டது. கம்மலான, தொண்டையடைத்த அழுகை. அதைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சே வந்தது. உதட்டைப் பார்க்கச் சொன்னாள். லேசாக வீங்கியிருக்கிறது, முந்தாநாளும் இப்படித்தான் இருந்தது என்றாள் தங்கை.

“அப்பவே ஏன்டி சொல்லல?”

“நீ ஆசையா கொடுத்தது, உன்கிட்ட எப்படிக்கா குறை சொல்றது? அதான் கம்பெனிக்கு மெயில் போட்டுக் கேட்டேன். மறுநாளே பதில் வந்துச்சு, ரொம்ப மரியாதையா. பயப்பட வேணாம்னு போட்டிருந்தாங்க. அதனாலதான் திரும்பக் கொடுத்தேன்.”

பதில் அனுப்பிய அந்த மூன்றில் ஒன்று. அந்தப் பதில்களை எழுதுவது அக்காதான் என்று தங்கைக்குத் தெரியாது; அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன் என்று மட்டும்தான் அவளிடம் சொல்லி வைத்திருந்தாள். டப்பாவையும் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு, நான் நேராக அங்கே வருகிறேன் என்றாள். தங்கைக்கு இப்போதுதான் பயம் பிடித்தது.

“பரிசோதிக்கப்பட்டதுன்னு போட்டிருந்துச்சேக்கா. யாரு பரிசோதிச்சாங்க?”

“யாரும் பரிசோதிக்கலடி. நான்தான் எழுதினேன்.”

பிள்ளையின் அழுகை கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு தங்கை போனை வைத்துவிட்டாள்.