அப்பா வாசிக்காத நாகஸ்வரம்

கிளாரினெட்டில் ராகத்தையும் ஜாஸையும் கலந்து வாசிப்பவன் என்று பல வருடங்களாக என்னைச் சொன்னார்கள். ராகம், ஹட்டனில் எனக்குப் படிப்பித்த யாழ்ப்பாணத்து வாத்தியார் தந்தது. ஜாஸ், நுவரெலியா ஹோட்டல் ஒன்றில் வாத்தியக் குழு வைத்திருந்த பறங்கிக்காரர் தந்தது. மூன்றாவதாக ஒரு தாளம் இருந்தது. அதைத் தந்தவரைப் பற்றி மட்டும் பொய் சொன்னேன்.

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்பா தப்புப் பறை அடிப்பவர். விடியுமுன் ஆட்களைப் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, கூப்பிடுவது அவர் தப்புச் சத்தம்தான். சாவு விழுந்தாலும் அதே தப்பு. பனியில் தோல் தொய்ந்துபோகும். அண்ணன் தேயிலை மிலாற்றுக் குச்சிகளை எரித்து அதைக் காய்ச்சிக் கொடுப்பார். நான் படிப்பதற்காக அவர் பள்ளிக்கூடத்தை விட்டார். அப்பாவுக்குப் பிறகு அவரே தப்பை எடுத்தார்.

அப்பாவின் அடி ஓரிடத்தில் தயங்கி, கொஞ்சம் பிந்தி விழும். அந்தத் தயக்கத்தின் மேல்தான் ராகத்தை ஏற்றினேன். கேட்டவர்கள் அதைத்தான் புதுமை என்றார்கள்.

கொழும்பில் ஒரு வானொலிப் பேட்டி. “இந்த நடை உங்களுக்கு எங்கிருந்து வந்தது?” என்று கேட்டார்கள்.

“எங்க அப்பா கோயில் நாகஸ்வரக்காரர். அவர்கிட்டயிருந்து வந்தது” என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எங்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய ஊரை, ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டதாக நினைத்தேன்.

தம்பி பேசுகிறான் என்று அண்ணன் ரேடியோவை லயத்து வாசலில் வைத்து, அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டிருந்திருக்கிறார். மறுநாள் எனக்குப் போன் எடுத்தார்.

“ஏன்டா, அப்பா எந்தக் கோயில்ல வாசிச்சாரு? சொல்லியிருந்தா நானும் ஒரு நாளு போயி கேட்டிருப்பேனே.”

சிரித்தார். நானும் சிரித்தேன். மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. பிறகு அவர் எனக்குப் போன் எடுக்கவே இல்லை. நான் பொய்யைத் திருத்தவும் இல்லை. என் கச்சேரி அழைப்பிதழ்களில் அது அச்சாகிக்கொண்டே இருந்தது.

போன வருடம் அண்ணன் இறந்தார். அப்பாவின் தாளத்தை அண்ணன் உடலுக்கு முன்னால் ஒரு தடவையாவது ஊரறிய வாசித்துவிட வேண்டும் என்று கிளாரினெட்டோடு போனேன். பக்கத்துத் தோட்டத்திலிருந்து தப்படிக்க வந்தவர்கள், அண்ணனிடம் பழகியவர்கள், தோல் காய்ச்ச நெருப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். பெட்டியின் கொக்கியில் கை வைத்தேன். அண்ணன் மகள் அருகில் வந்தாள்.

“வேணாம் சித்தப்பா. கோயில் நாகஸ்வரக்காரவுங்க சாவு வீட்டுல வாசிக்க மாட்டாங்கல்ல. ஒங்களுக்கு எதுக்கு அந்தக் கொறச்சல்? அங்கிட்டு நாற்காலி போட்டிருக்கு, உக்காருங்க.”

“அது நான் சும்மா சொன்னதும்மா.”

“தெரியும். எங்கப்பாவுக்கும் தெரியும். இப்ப எங்ககிட்ட சொல்லி என்ன ஆவப்போவுது?”

அவள் குரல் உயரவில்லை. போய் உட்கார்ந்தேன். தப்பு தொடங்கியது. அப்பாவின் அதே அடி, அதே இடத்தில் தயங்கி விழுந்தது. மடியிலிருந்த பெட்டியின் மேல் என் விரல்கள் தாமாகவே தாளம் போட்டன. எதிரே நின்ற தோட்டத்துக் கிளார்க் ஐயா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

விரல்களை மடக்கிக்கொண்டேன்.