பிளவுஸ் வீடியோ எடுக்கப் போன ஏரிக்கரை

போன வருடம் மாசி மாதம், வாலாஜாபாத் பக்கம் தென்னேரி ஏரிக்கரையில் நடந்தது இது. இன்று நினைத்தாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

நான் காஞ்சிபுரத்தில் வீட்டிலேயே பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். "இவ்ளோ நல்லா விளக்கிச் சொல்றியே, வீடியோ போடும்மா" என்று புடவைக்கு பிளவுஸ் தைக்க வந்த ஒரு அம்மா ஏற்றிவிட்டதில் சேனல் ஆரம்பித்துவிட்டேன். பெயர் வைத்தாயிற்று, படம் வைத்தாயிற்று. வீடியோதான் இல்லை. மெஷினில் உட்கார்ந்தால் ஓயாமல் வாயடிக்கிற நான், போனை எதிரே நிறுத்தினால் ஊமையாகிவிடுவேன். அதில் தெரியும் என் முகம் எனக்கே சகிக்காது. முன்பல் வேறு கொஞ்சம் எடுப்பு.

வீட்டில் பழகலாம் என்றால் அதற்கும் வழியில்லை. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் எங்களுக்குக் கேட்கிறதென்றால், என் சத்தம் அவர்களுக்கும் கேட்கும்தானே. ஒருநாள் குழாயடியில் அந்த வீட்டு அண்ணன் என்னைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் தோழிகளே!" என்றார். தெருவே சிரித்தது. அதோடு வீட்டில் பேசிப் பழகுவதை விட்டுவிட்டேன்.

அன்று வாலாஜாபாத்தில் ஒரு கல்யாண வீட்டில் துணிகளைக் கொடுத்துவிட்டு, ஆளில்லாத இடம் தேடி ஸ்கூட்டியிலேயே தென்னேரி வரைக்கும் போய்விட்டேன். ஏரியில் தண்ணீர் நிறைய இருந்தது. பின்னால் ஏரி தெரிந்தால் அழகாக இருக்குமே என்று, செருப்பைக் கரைமேல் விட்டு, போனை ஒரு கல்மேல் சாய்த்துவிட்டு, தண்ணீர் ஓரமாக நின்றேன். பேசினேன். உளறினேன். "மன்னிச்சிடுங்க" என்று சொல்லி மறுபடி ஆரம்பித்தேன். வெகு நேரம் இதே கதை. எடுத்ததைப் போட்டுப் பார்த்ததும் அழுகையே வந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு தடவை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, போனைப் பார்த்தபடியே பின்பக்கமாக நகர்ந்தேன். கால் தண்ணீரில் பட்டது.

அவ்வளவுதான், யாரோ பாய்ந்து வந்து என் இடுப்பைச் சேர்த்துக் கட்டி இழுத்தார்கள். இரண்டு பேரும் கரையில் விழுந்தோம்.

"இன்னாம்மா காரியம் பண்ற நீ? எதுவா இருந்தாலும் பேசிக்கலாம்மா!"

ஐம்பது வயதிருக்கும் ஒரு அக்கா. கரையில் கொஞ்ச தூரத்தில், என் கண்ணில் படாமல், நூறு நாள் வேலையில் புதர் வெட்டிக்கொண்டிருந்தவர். ஓடி வந்த வேகத்தில் முழங்கையைச் சிராய்த்துக்கொண்டிருந்தார். பின்னாலேயே மற்ற பெண்களும் மூச்சு வாங்க வந்து சூழ்ந்துகொண்டார்கள். தனியாக ஒருத்தி, கழற்றிவிட்ட செருப்பு, போனைப் பார்த்து அழுகை, மன்னிப்பு. அவர்கள் என்ன நினைத்தார்கள் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"வூட்ல எதுனா பிரச்சினையாமா?" என்று அந்த அக்கா கேட்டார்.

இல்லை, வீடியோ எடுக்க வந்தேன் என்று சொல்லியிருக்க வேண்டும். இந்த மூஞ்சிக்கு வீடியோவா என்று சிரித்துவிடுவார்களோ என்று வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன். சாக வந்தவள் என்று நினைத்தாலும் பரவாயில்லை என்று தோன்றியிருக்கிறது பாருங்கள். என் புத்தியை எதில் சேர்ப்பது?

அந்த அக்கா என் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். "என் தங்கச்சியும் இதே ஏரியிலதாம்மா பூட்டா. ஒரு வார்த்த யார்கிட்டயும் சொல்லல. நீயாவது சொன்னியே" என்றார்.

பட்டென்று எழுந்து உட்கார்ந்து உண்மையைச் சொல்லிவிட்டேன். சேனலைக் காட்டினேன், பையிலிருந்த அளவு டேப்பைக் காட்டினேன். கரையே அதிர ஒரு சிரிப்பு. ஒருத்தி மண்வெட்டியை ஊன்றி நின்றுகொண்டு, "அப்போ சொல்லு பாப்போம், கைய தூக்கினா என் ஜாக்கெட் மேல ஏறிக்குதே, அது ஏன்?" என்றாள். கை பொருத்தும் வளைவை அளவுக்கு மீறிக் கீழே இறக்கி வெட்டியிருப்பதால்தான் என்று ஆரம்பித்து, அவள் ஜாக்கெட்டையே தொட்டுக் காட்டி விளக்கினேன். அத்தனை பேர் பார்க்கிறார்கள், எனக்கு வாய் குழறவே இல்லை. இதற்குமேல் கெட்டுப்போக என்ன மானம் மிச்சமிருக்கிறது என்ற தைரியம்தான்.

அந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை. என் நம்பரை வாங்கி மகனின் எண்ணுக்குக் கீழே பதிய வைத்துக்கொண்டார். வண்டி கிளம்பும் வரை கரையிலேயே நின்றார். சாயங்காலம் போன் வந்தது. "வூட்டுக்குப் பூட்டியாமா? சாப்ட்டியா?"

இப்போது வாராவாரம் வீடியோ போடுகிறேன். கூச்சமே இல்லாமல் பேசுகிறீர்களே என்று பலரும் எழுதுகிறார்கள். அந்த அக்காவும் விடாமல் பேசுகிறார். வீடியோ என்று நான் சொன்னதுதான் பொய், தலையாட்டியதுதான் நிஜம் என்பது அவர் எண்ணம். சேனலின் லிங்க் அனுப்பினேன். "நல்லா சிரிச்சிகினுதான் இருக்குற. என் தங்கச்சியும் சிரிச்சிகினுதான் இருந்தா" என்றார். அதற்குமேல் நான் எதைச் சொல்லி நம்ப வைப்பது?

ரெக்கார்டிங் நடுவில் அவர் அழைத்தால் உடனே நிறுத்திவிட்டு எடுத்துவிடுவேன். எடுக்காவிட்டால் அவர் மனம் எங்கே ஓடும் என்று எனக்குத் தெரியும். ஆயிரம் பேர் பார்க்கும் வீடியோவில் தடுமாறாத நாக்கு, அவரிடம் "நல்லாயிருக்கேன்க்கா" என்று சொல்லும்போது மட்டும் இன்றைக்கும் தடுமாறுகிறது.