விசாரிக்காமல் வாங்கிய உப்பு

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலையில் வேலை செய்யும் என் கணவருக்குப் போன வருடம் ரத்த அழுத்தம் கூடியது. டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, உணவு ஆலோசகரிடம் அனுப்பினார். அந்தப் பெண் சொன்னபடி ஊறுகாய், அப்பளம், கருவாடு எல்லாவற்றையும் நிறுத்தினேன். ஆனால் உப்பு குறைந்த குழம்பை அவர் தொடவே மறுத்தார்.

கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்றொரு பாக்கெட்டைப் பார்த்ததும் நிம்மதியாகிவிட்டது. யாரையும் கேட்காமல் தாராளமாகப் போட்டுச் சமைத்தேன்.

மூன்றாவது வாரம் வேலையிலிருந்து வந்தவர், "காலு வலுவே இல்லம்மா, படி ஏற முடில. நெஞ்சு ஒரு மாதிரி கீது" என்றார். வெயில்தான் என்று நினைத்து இளநீர் கொடுத்தேன். மறுநாளும் அப்படியே இருந்தார். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆலோசகருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, எந்த உப்பு போடுறீங்க? பாக்கெட்ல இன்னா எழுதிக்கீதுன்னு படிங்க."

படித்தேன்.

"ஐயோ, அதுல பொட்டாசியம் இருக்கு. அவரு மாத்திரையோட சேந்தா இதயத் துடிப்பே தடுமாறிடும். உடனே ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போங்க!"

ஆட்டோவில் அவர் கண்ணை மூடும்போதெல்லாம் தோளை உலுக்கினேன். ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இரண்டு நாள் தீவிர சிகிச்சைக்குப் பிறகு பிழைத்துக்கொண்டார்.

இப்போது வீட்டில் சாதாரண உப்புதான், ஆலோசகர் சொன்ன அளவில். புதிதாக எது வாங்கினாலும் பாக்கெட்டைப் படமெடுத்து ஆலோசகருக்கு அனுப்புகிறேன். பதில் வரும்வரை பிரிப்பதில்லை.