மிட்சுயோவின் வீட்டில் பேசிய திருடன்

மிட்சுயோவின் புருஷனுக்குப் பேச்சு போனது ஒரு மழைநாள் காலையில், பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது. வலது கையும் காலும் கூடவே போயின. ஆஸ்பத்திரியில் உயிரை மீட்டுக் கொடுத்தார்கள். பேச்சை மீட்க அவர்களால் ஆகவில்லை.

இசாவா தெய்ஜி என்று அவர் பெயரைச் சொன்னால் நெரிமா கடைத்தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது. வாயைத் திறந்தால் மீன் நறுக்குகிறவர்கூடக் கத்தியை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். வெள்ளிக்கிழமை மாலையில் வந்த ‘பட்டுக்கையுறை’ கார்ட்டூன் தொடரில் கனவான் திருடனுக்குக் குரல் கொடுத்தவர் அவர்தான். மாளிகை ஜன்னல் வழியாக இறங்கி, வீட்டுக்காரியை வணங்கி, வந்த சிரமத்துக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டு, நகைப்பெட்டியோடு போகிற திருடன். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவன் தங்கள் வீட்டுக்கும் வரமாட்டானா என்று இருந்தது.

அந்த மரியாதையெல்லாம் ஸ்டூடியோவோடு சரி. வீட்டுக்கு வந்தால் அவருக்கு மூன்று வார்த்தை போதும். டீ. சோறு. வெந்நீர். மிட்சுயோ இதைக் குறையாக நினைத்ததில்லை. அந்தத் தெருவில் எல்லா ஆம்பிளைகளும் அப்படித்தான். வடக்கே அக்கிதாவிலிருந்து வந்து, பள்ளிக்கூடச் சமையலறையில் பெரிய அண்டாக்களில் சூப் கிண்டியவள் அவள். அவர் நாடகக் குழுவில் மரமாகவும் வாயிற்காவலனாகவும் நின்ற காலத்தில் வீட்டு அடுப்பு அவள் சம்பளத்தில் எரிந்தது. திருடன் வேஷம் கிடைத்த பிறகும் அவள் வேலையை விடவில்லை. தொடர் ஓடும்போது துணி மடித்துக்கொண்டே ஒரு காதால் கேட்பாள். “இன்னைக்கு நல்லா இருந்துச்சுங்க” என்பாள். அவர் “டீ” என்பார்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த கன்பே என்ற பெண் முதல் நாள் ஒரு படத்தைக் காட்டி இது என்ன என்று கேட்டாள். கோப்பை. தெய்ஜிக்கு நெற்றியெல்லாம் வேர்த்தது. வாய் கோணிக்கொண்டு ஏதோ தேடியது. பிறகு, ஒரு பிசிறில்லாமல், அந்தப் பழைய குரல் வந்தது.

“கூச்சல் வேண்டாம், சீமாட்டி. தங்கள் உறக்கம் கெடக் கூடாதென்று செருப்பை ஜன்னலோரம் கழற்றிவிட்டே வந்திருக்கிறேன்.”

வார்டே சிரித்தது. ஒரு நர்ஸ் கைதட்டினாள். மிட்சுயோவுக்கு அழுகை முட்டியது, இத்தனை சீக்கிரம் குணமாகிவிட்டதே என்று. கன்பே அவளை வராந்தாவுக்கு அழைத்துப் போனாள்.

“அம்மா, தப்பா நினைக்காதீங்க. இது பேச்சு இல்ல. மனப்பாடமான பாட்டு மாதிரி, தானா வருது. அவர் உங்ககிட்டயோ என்கிட்டயோ எதுவும் சொல்லல.”

வீட்டுக்கு வந்த பிறகு அது எவ்வளவு உண்மை என்று தெரிந்தது. செயலிழந்த கையை முதலில் நுழைத்துச் சட்டை போட்டுவிட்டால், அவர் அவளை வைரத்துக்கு ஒப்பிட்டார். புரையேறாமலிருக்கக் கட்டியாகக் கலக்கிய டீயை ஸ்பூனால் ஊட்டினால், காவல்துறைக்குத் தன் வணக்கத்தைத் தெரிவிக்கச் சொன்னார். ஈரத்துணி மாற்றும்போது, முத்துமாலை அவள் கழுத்துக்குப் பாரம், தான் சுமப்பதாகச் சொன்னார். சொல்லும்போது கண்ணில் வேறு ஆள் இருந்தான். அந்த ஆள் உள்ளே மாட்டிக்கொண்டு, தன் வாயிலிருந்து வருவதைத் தானே வெறுத்துக்கொண்டிருந்தான்.

இத்தனை வருஷ தாம்பத்தியத்தில் கிடைக்காத மரியாதை இப்போது வேளைக்கு மூன்று முறை கிடைத்தது. அவளுக்கு அது வேண்டாம். அவர் அவரே என்று தெரிய ஒரு வார்த்தை போதும். ஒருநாள் ஸ்பூனைத் தட்டில் போட்டுவிட்டுச் சொல்லிவிட்டாள்.

“ஏங்க, ஒரே ஒரு தடவை டீன்னு சொல்லுங்க. அதட்டியாவது சொல்லுங்க.”

அவர் உதட்டைக் குவித்தார். கழுத்து நரம்பு புடைத்தது. வெளியே வந்தது செருப்பும் ஜன்னலும்தான்.

இப்படி இருக்கும்போதுதான் தயாரிப்பாளர் நுகாதா விலை உயர்ந்த ஒரு பெரிய முலாம்பழத்தோடு வந்தார். தொடரைப் பல வருஷம் கழித்து மறுபடி எடுக்கிறார்களாம். உடம்பு எப்படி இருக்கிறதென்று பார்த்துப் போக வந்தாராம். உடம்பு தேறாவிட்டால் வேறு குரல் தேடவேண்டும் என்பதை அவர் வாயால் சொல்லவில்லை. பழத்தின் அளவே சொன்னது. உள்ளே நுழைந்து அவர் குனிந்து வணங்கியதும், கட்டிலிலிருந்து திருடன் செருப்பைப் பற்றிப் பேசினான்.

நுகாதா மண்டியிட்டபடியே சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஐயா என்னைக் கிண்டல் பண்றாரும்மா. குரல் கொஞ்சமும் தேயலையே.”

அந்த இடத்தில் மிட்சுயோ உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். ஆனால் தெய்ஜி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். படுத்ததிலிருந்து அவர் முதுகு அப்படி நிமிர்ந்து அவள் பார்த்ததில்லை. அவள் முலாம்பழத்தை நறுக்கப் போய்விட்டாள். தட்டோடு திரும்பியபோது நுகாதா ஒலிப்பதிவுக்கு நாள் குறித்திருந்தார்.

பயிற்சிக்கு இப்போது வீட்டுக்கே வந்துகொண்டிருந்த கன்பே கேள்விப்பட்டுக் கோபப்பட்டாள். தோற்றுவிட்டு வந்தால் இருக்கிற வாயையும் மூடிக்கொள்வார் என்றாள்.

“அவர் நாக்கு வளந்தது மைக்குக்கு முன்னாலதான்” என்றாள் மிட்சுயோ. “இந்த வீட்டுல அது எப்ப பேசுச்சு? அங்க போனா திரும்பி வரலாம் இல்லையா?”

கன்பே படங்களைப் பைக்குள் அடுக்கினாள். மிட்சுயோ அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

போகிற அன்று சரசரக்காத பழைய பருத்திச் சட்டையைத் தேடி எடுத்துப் போட்டாள். மைக்குக்குத் துணியின் சத்தமும் கேட்கும். சளி கட்டும் என்று பால் கொடுக்கவில்லை. பிற்பகல் ஆகியும் ஸ்டூடியோவில் எல்லாரும் காலை வணக்கம் சொன்னார்கள், அங்கே எப்போதும் அதுதான் வழக்கம். இளைய நடிகர்கள் கதவோரம் எழுந்து நின்றார்கள். தொடரில் திருடனைத் துரத்தும் இன்ஸ்பெக்டருக்குக் குரல் கொடுக்கும் ஹோரிகோமே முன்னால் வந்தார். அவருக்கும் தலை முழுக்க நரைத்திருந்தது.

“டேய் திருடா, கடைசியில சக்கர நாற்காலியிலயா தப்பிச்சு ஓடப் பாக்குற? இதுல போனா நானே நடந்து வந்து பிடிச்சிருவேன்டா.”

தெய்ஜி சிரித்தார். மிட்சுயோ அதைப் பார்த்து, நல்ல முடிவுதான் எடுத்தோம் என்று நினைத்தாள்.

படம் இன்னும் வரைந்து முடியவில்லை. திரையில் பென்சில் கோடுகள்தான் ஓடும். யார் எப்போது பேசவேண்டும் என்று காட்ட ஆளுக்கொரு நிறத்தில் ஒரு கோடு தோன்றும். அது இருக்கும்வரை பேசி, மறையும்போது நிறுத்தவேண்டும். திருடனுக்குச் சிவப்பு. மைக்கைத் தாழ்த்தி வைத்தார்கள். வசனத் தாளை அவருடைய இடது கையில் கொடுத்தார்கள்.

சிவப்புக் கோடு வந்தது. தெய்ஜி பேசினார். கோடு மறைந்த கணத்தில் நிறுத்தினார். குரலில் நடுக்கமில்லை, மூச்சில் குறையில்லை. ஆனால் அவர் சொன்னது எப்போதோ ஒளிபரப்பான ஓர் அத்தியாயத்தின் வசனம்.

கண்ணாடிக்குப் பின்னாலிருந்து இயக்குநர், இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மெதுவாகச் சொன்னார். மறுபடி கோடு வந்தது. மறுபடி வேறொரு பழைய வசனம், கோட்டின் நீளத்துக்கு அச்சாகப் பொருந்தி. தாளை அவர் பார்க்கவே இல்லை. எழுத்தும் அவரைவிட்டுப் போயிருந்தது. இளையவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவர் அங்கே எல்லாரையும்விட மூத்தவர். மூத்தவரை நிறுத்தச் சொல்லும் வாய் அந்த அறையில் இல்லை.

மூன்றாவது தடவை ஹோரிகோமே தன் தாளை மடித்தார். அந்தப் பழைய வசனத்துக்கான பழைய பதிலைச் சொன்னார்.

“பட்டுக்கையுறை! உன் கையில் விலங்கு மாட்டாமல் நான் ஓய்வு பெறப்போவதில்லை!”

தெய்ஜியின் முகம் விளக்கேற்றினாற்போல ஆனது. பதில் சொன்னார். அவர் பதிலுக்கு இவர், இவர் பதிலுக்கு அவர். முழுக் காட்சியையும் இருவரும் தப்பில்லாமல் பேசி முடித்தார்கள். ஹோரிகோமே கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

தெய்ஜி கண்ணாடியைப் பார்த்தார். சரி என்று சொல்லும் குரலுக்குக் காத்திருந்தார். அது வரவில்லை. பிறகு திரையைப் பார்த்தார். அங்கே திருடன் இல்லை, மாளிகை இல்லை. ரயிலடியில் ஒரு குழந்தை அழுதுகொண்டிருக்கும் பென்சில் படம் நின்றிருந்தது. அவர் அதைப் பார்த்தார், தன் கையிலிருந்த தாளைப் பார்த்தார். கடைசியில் மிட்சுயோவைப் பார்த்தார்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியும் அளவுக்கு மூளையில் மிச்சம் இருந்ததுதான் கொடுமை. தாள் கையிலிருந்து நழுவியது. அவள் எடுத்து, ஓரங்களைச் சரிசெய்து, நாற்காலியில் வைத்தாள்.

டாக்சி திரும்பும்வரை நுகாதா வாசலில் குனிந்தே நின்றார்.

அன்றிலிருந்து தெய்ஜி வாயை மூடிக்கொண்டார். ஸ்பூனுக்கும் திறக்கவில்லை, வயிற்றில் குழாய் போடலாமா என்று டாக்டர் கேட்ட பிறகு கொஞ்சம் திறந்தார். சோற்றுக்கு மட்டும். கன்பே கோப்பைப் படத்தைக் காட்டினால் கண்ணை மூடிக்கொண்டார். வேண்டாமென்று தள்ளிய திருடனாவது வந்து பேசட்டும் என்று மிட்சுயோவுக்கு ஆகிவிட்டது. ஒருநாள் மத்தியானம் கட்டிலோரம் உட்கார்ந்து, வெட்கத்தை விட்டு, இன்ஸ்பெக்டரின் வசனத்தை அவளே சொல்லிப் பார்த்தாள். துணி மடித்துக்கொண்டு ஒரு காதால் கேட்டது முழுக்க மனப்பாடமாகியிருந்தது அவளுக்கே ஆச்சரியம். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

திருடனின் குரல் வேறொருவருக்குப் போயிற்று. ஒரு வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டுச் சுவர் வழியாக அது கேட்டது. மோசமில்லை. தெய்ஜி தூங்குகிறாரா என்று எட்டிப் பார்த்தாள். தூங்கவில்லை.

அடுத்த வாரம் அவள் கன்பேயை இனி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கன்பே கெஞ்சினாள், இன்னும் ஒரு வருஷம் முயற்சி செய்யலாம் என்றாள். மிட்சுயோ அவளுக்கு நன்றி சொல்லி, வாசல்வரை வந்து வழியனுப்பினாள். கன்பே வந்துபோன அந்த வேளைக்கு, வீட்டுக்கே தொட்டி கொண்டுவந்து குளிப்பாட்டுகிறவர்களை வரச் சொன்னாள்.

அவர்கள் மூன்று பேர் வந்தார்கள். கட்டிலருகில் தொட்டியை விரித்து, குழாய் இழுத்து நிரப்பி, வலையில் வைத்து அவரைப் பக்குவமாக இறக்கினார்கள். புதிதாக வந்த பெண் அவர் காதருகில் குனிந்து சத்தமாகக் கேட்டாள்.

“தாத்தா, தண்ணி சூடு சரியா இருக்கா?”

அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். அந்தப் பெண் மறுபடி கேட்டாள், சிரித்த முகத்தோடு காத்திருந்தாள்.

மிட்சுயோ முழங்கைவரை சட்டையைச் சுருட்டி, தண்ணீரில் கையை விட்டுப் பார்த்தாள்.

“சரியா இருக்கும்மா” என்றாள். “இனிமே என்னையே கேளு.”