முதல் பக்கத்தில் போட்ட திருத்தம்

வேலையில் ஒரு கூட்டத்தின் நடுவில் இருந்தேன். பிக்கரிங்கிலிருந்து மரியதாஸ் அங்கிளின் மகள் கோல் எடுத்தாள். "அண்ணா, அப்பா விடிய மோசம் போயிட்டார்." எத்தனை மணிக்கு உயிர் போனது, பக்கத்தில் யார் இருந்தது என்று தேவையில்லாததெல்லாம் கேட்டேன். பிறகு ஒருவருக்கும் சொல்லாமல் வெளியே வந்துவிட்டேன்.

இங்கே ஸ்காபரோ கடை வாசல்களில் எங்கள் தமிழ் வாரப் பத்திரிகையை எடுத்துப்போன உங்களுக்கு அவரை ஆசிரியராகத் தெரியும். அதற்கு முன் வட இங்கிலாந்தில், ஒரு நகரத்து ஆங்கில நாளிதழில் செய்தி திருத்துபவராகச் சேர்ந்து, அதற்கே ஆசிரியராக வந்தவர். ஒரு அப்பாவிப் பொடியனைத் திருடன் என்று அந்தப் பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டுவிட்டது. திருத்தத்தை உள்ளே சின்னதாகப் போடு என்றது நிர்வாகம். இவர் முதல் பக்கத்தில் போட்டார். ஆசிரியர் கதிரை போனது.

இங்கேயும் அதேதான். பக்கங்களை வடிவமைத்தது நான், கண்ணால் பார்த்தேன். சுகாதாரப் பரிசோதகர்கள் பூட்டியது வேறொரு கடையை. அங்கிள் எழுதியது ஹனிபா நானாவின் சாப்பாட்டுக் கடை என்று. நானாவின் கடைக்கு ஆட்கள் வருவது நின்றுவிட்டது. திருத்தம் போடுவதற்காக, அடுத்த இதழின் முதல் பக்கத்தில் இருந்த வீடு விற்பவரின் விளம்பரத்தைத் தூக்கு என்றார் அங்கிள். விளம்பரக்காரர் கோபத்தோடு நேரே வந்துவிட்டார்.

"அங்கிள், உள்ள ஒரு மூலையில போடுங்கோவன்" என்றேன் நான்.

"பிழையை எந்த மூலையில ஐசே போட்டனான்?"

'இது என் பிழை' என்று தன் பெயரோடு எழுதினார். ஒரு கட்டுப் பத்திரிகையோடு நானாவின் கடை வாசலில் நின்று, போகிறவர் வருகிறவருக்கெல்லாம் தானே கொடுத்தார்.

"போதும் சேர், இரிங்க. தேத்தண்ணி ஆறுது" என்றார் நானா.

"நாலு பேர் சாப்பிட வரட்டும். பிறகு குடிக்கிறன்."

ஆட்கள் திரும்பி வந்தார்கள். எங்களுக்கு விளம்பரங்கள் திரும்பி வரவில்லை. அந்த வீடு விற்பவர் போக மற்ற விளம்பரக்காரர்களும் போனார்கள். பத்திரிகை நின்றது.

கடைசி இதழ் அச்சுக்குப் போன அன்று, "சரியானதைத்தானே செய்தனீங்கள், விடுங்கோ அங்கிள்" என்றேன்.

"சரியாச் செய்தா மனம் ஆறும் எண்டு உமக்கு ஆர் சொன்னது? ரெண்டு பேப்பரைத் துலைச்சிட்டன், தம்பி."

அழுதார். எனக்கு எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

அவருடைய மரண அறிவித்தலைப் போட இன்று எங்களிடம் ஒரு பத்திரிகை இல்லை. அதை நினைக்க எனக்குக் கோபமாக இருக்கிறது. அவர் நினைவாக அந்த அழுகையைத்தான் நான் வைத்திருக்கிறேன். இப்படி வலிக்கும் என்று தெரிந்துதான் மனுசன் இரண்டாம் முறையும் திருத்தத்தை முதல் பக்கத்தில் போட்டார்.