மூன்றாம் சரணத்துக்காகச் செட்டிபாளையம் வரை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது மட்டக்களப்பில் என்னென்ன பார்க்கலாம் என்று சொல்லும் பதிவு இல்லை. ஒல்லாந்தர் கோட்டையைப் படம் எடுக்கவில்லை. வாவியில் மீன் பாடுவதைக் கேட்டாயா என்று அலுவலகத்தில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். இல்லை, நான் மனிதர்கள் பாடுவதைக் கேட்கப் போனேன். சித்திரைப் புத்தாண்டுக்கு அடுத்து வந்த சனிக்கிழமை போய், ஞாயிறு கொழும்பு திரும்பினேன். போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. இரண்டு வருடத்துக்கு முன்பென்றால், இப்படி ஒரு கச்சேரிக்கு ஊரிலிருந்து ஊருக்குப் போகிறேன் என்று சொன்னவரைப் பைத்தியம் என்றிருப்பார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். சமாதான காலத்தில், அதாவது சுனாமிக்கு முந்திய இரண்டு மூன்று வருடங்களில், எங்கள் பக்கத்தில் மூன்று இசைக்குழுக்கள் கொடிகட்டிப் பறந்தன. நகரத்தில் ‘வாவி நாதம்’, வாவிக்கு மேற்கே படுவான்கரையில் ‘மருதநிலா’, வடக்கே வாகரைப் பக்கம் ‘வெண்மணல்’. ஒரு குழுவின் ரசிகர் இன்னொரு குழுவின் பாட்டை முணுமுணுத்தால் துரோகி. திருவிழா, புத்தாண்டு, பாடசாலை மைதானம் என்று எங்கே கச்சேரி நடந்தாலும் நாங்கள் போய் நிற்போம். பிறகு கடல் வந்தது. அதன் பின் மறுபடியும் சண்டை வந்தது. மூன்று குழுவிலும் ஒருவர் இருவர்தான் மிஞ்சினார்கள்.

மிஞ்சிய ஐந்து பேர் இப்போது ஒன்றாகச் சேர்ந்து ஒரு குழு அமைத்திருக்கிறார்கள். பெயர் ‘ஒன்பது கை’. தாளம் வாசிக்கும் ரஞ்சனுக்கு இடது கை ஷெல்லடியில் போய்விட்டது. ஐந்து பேருக்கு ஒன்பது கை என்று பெயர் வைத்ததும் அவர்தானாம். கேள்விப்பட்டபோது சிரித்துவிட்டு, உடனே சிரித்ததற்காக வெட்கப்பட்டேன். அவர்களின் முதல் கச்சேரி செட்டிபாளையத்து விளையாட்டுக் கழகம் ஒன்றின் புத்தாண்டு விழாவில் என்று செய்தி வந்தது. கடைசிக் கச்சேரியும் அதுவாக இருக்கலாம் என்றார்கள், ஏனென்றால் பேஸ் கிட்டார் வாசிப்பவர் அடுத்த செவ்வாய்க்கிழமை கட்டாருக்கு வேலைக்குப் போகிறார்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு பாட்டு. வாவி நாதத்தின் ‘விளக்குப் பாட்டு’. இரவில் இறால் பிடிக்கப் போகும் தோணிகளின் விளக்கைப் பார்த்து எழுதியது. குழுவில் கீபோர்ட் வாசித்த நேசன் எழுதினார், இப்போது ஒன்பது கையில் இருக்கும் செல்வம் பாடினார். ஒலிநாடாவாக அது வந்ததே இல்லை. என் தங்கச்சி குமுதாவுக்கு அதில் பைத்தியம். எப்போதும் முன்வரிசைதான். வீட்டிலும் கிணற்றடியில் வாளி இழுக்கும்போது மூன்று சரணத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் தலையில் தண்ணீர் ஊற்றுவாள். நாவலடியில் இருந்த அந்த வீடு, கிணறு, குமுதா, அடுத்த தெருவில் இருந்த நேசன், எல்லாவற்றையும் அந்த மார்கழி ஞாயிறு காலையில் கடல் எடுத்துக்கொண்டது. எனக்கு முதல் இரண்டு சரணங்கள் தெரியும். மூன்றாவது தெரியாது, அவள் பாடும்போது காது கொடுத்துக் கேட்டதில்லை. ஐந்து வருடமாக அது வராமல் தவிக்கிறேன். பாத்திரம் கழுவும்போது இரண்டாவது சரணம் முடிந்ததும் என் வாய் தானாக நின்றுவிடும். அவள் குரலும் அந்த இடத்தோடு நின்றுவிடுகிறது. மூன்றாவதைக் கேட்டுவிட்டால் அவளை முழுதாகக் கேட்ட மாதிரி இருக்கும் என்று நினைத்தேன். இதுதான் பயணத்தின் காரணம். அம்மாவையும் கூப்பிட்டேன். அவர் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

சரி, பயணம். கொழும்பு புறக்கோட்டையிலிருந்து வெள்ளி இரவு பஸ். ஏறக்குறைய முந்நூற்றுப் பதினைந்து கிலோமீட்டர், டிக்கெட் அறுநூறு ரூபாய். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லோரையும் இறக்கி அடையாள அட்டை பார்த்தார்கள். முன்னைப் போல் பையைக் கொட்டிப் பார்க்கவில்லை. விடியும்போது மட்டக்களப்பு. நகரத்தில் முகம் கழுவி, இடியப்பமும் சொதியும் சாப்பிட்டு, கல்முனை பஸ்ஸில் ஏறினேன். செட்டிபாளையத்துக்கு இருபது கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். கல்லடிப் பாலம் இன்னும் பழைய இரும்புப் பாலம்தான். ஒரு பக்கத்து வாகனம் வந்து முடிந்தால்தான் மறுபக்கம் போகலாம். பாலத்தில் நிற்கும்போது இடப்பக்கம் தூரத்தில் நாவலடி தெரியும். நான் வலப்பக்க ஜன்னலோரம் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வேண்டுமென்றேதான்.

கண்டக்டர் காசு வாங்கும்போது, “நீங்களும் ஒம்பது கைக்குத்தானா?” என்று கேட்டார். ஓம் என்றேன். காலையிலிருந்து இது பதினைந்தாவது ஆள் என்றும், தான் பழைய வெண்மணல் ரசிகர் என்றும், கடைசி ட்ரிப்பை வேறொருவரிடம் தள்ளிவிட்டு வரப்பார்ப்பதாகவும் சொன்னார். பின் சீட்டில் இருந்த ஒருவர் உடனே வெண்மணலைப் பற்றி ஒரு நக்கல் விட்டார். இவ்வளவும் நடந்த பிறகும் இந்தச் சண்டை மட்டும் சாகவில்லை என்பதில் எனக்கு ஒரு சந்தோஷம்.

செட்டிபாளையத்துக்குக் கொஞ்சம் முன்னால் குருக்கள்மடத்திலேயே இறங்கி மச்சாள் யோகாவுக்காகக் காத்திருந்தேன். அவள் வாவிக்கு அப்பால் அம்பிளாந்துறைக்காரி, மருதநிலாவின் பரம விசிறி. தண்ணீருக்கு மேல் ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றிவரும் மிதவையை எங்கள் ஊரில் பாதை என்போம். அதில் நின்றபடியே கையைக் காட்டிக்கொண்டு வந்தாள். சண்டைக் காலத்தில் அவள் அக்கரையிலும் நாங்கள் இக்கரையிலுமாக, ஒரு வருடத்துக்கு மேல் ஒருவரையொருவர் பார்க்காமல் இருந்திருக்கிறோம். இறங்கிய கையோடு, “ஒங்கட செல்வத்துக்கு இன்னும் தொண்டை இரிக்கா?” என்று கேட்டாள். மூன்று கிலோமீட்டர் தூரத்துக்கு ஓட்டோ நூற்றைம்பது ரூபாய். பேரம் பேசி நூற்றிருபதுக்குப் போனோம்.

மைதானத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் தாண்டியிருந்தது. கழகத்துப் பொடியன்கள் தென்னை மரங்களில் ஏறிக் கட்டியிருந்த ஸ்பீக்கர் பொக்ஸ்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து இறக்கிக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஒழுங்கையில் ஒரு பெரியவர் அரை மணி நேரத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஊரில் செத்த வீடு என்றால் சடலம் எடுக்கும்வரை ஸ்பீக்கர் போடமாட்டார்கள். யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. சடலம் எடுப்பது மறுநாள் பின்னேரம். பக்கத்து ஊரில் வைக்கலாமே என்று ஒருவர் கேட்டார். பொலிஸ் அனுமதி இந்த மைதானத்துக்கு மட்டும்தான். ஒரு கிழமை தள்ளி வைக்கலாமே என்றார் இன்னொருவர். கட்டார்க்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

எனக்கு அழுகை வந்தது. செத்தவருக்காக இல்லை, மன்னிக்க வேண்டும். இவ்வளவு கிட்ட வந்து அந்தச் சரணத்தை விட்டுவிட்டுப் போவதா என்று வந்த அழுகை. யோகா என் முதுகைத் தடவிவிட்டு, தண்ணீர் வாங்கி வருகிறேன் என்று போனாள். நான் பார்க்காத இடத்தில் அவளும் அழுதிருப்பாள்.

கழகத் தலைவர் செத்த வீட்டுக்குப் போய் மூத்த மகனோடு பேசிவிட்டு வந்தார். நாங்கள் எல்லோரும் ஒழுங்கை முனையில் நின்றோம். அவர் சொன்னார்: “பொக்ஸ் போடாட்டிச் சரியாம். கழக அறைக்குள்ள, கதவச் சாத்திப்போட்டுப் பாடட்டாம். கை மட்டும் தட்டக்கூடாதாம்.”

கழக அறை என்றால் தகரக் கூரை, கோப்பைகள் அடுக்கிய அலுமாரி, ஒரு கெரம் போர்ட். அறுபது பேர் நெருக்கி உட்காரலாம். நூறு பேருக்கு மேல் உள்ளே இருந்தோம். மற்றவர்கள் வெளியே சுவரோடு ஒட்டி நின்றார்கள். வியர்வை ஆறாக ஓடியது. ரஞ்சனின் மின்தாளத் தட்டு பொக்ஸ் இல்லாமல் சத்தம் போடாது. அவர் கெரம் போர்டைச் சுவரில் சாய்த்து, ஒற்றைக் கையால் தட்ட ஆரம்பித்தார். பேஸ் கிட்டாரும் அப்படித்தான். யாருக்காக இன்றைக்கே வைக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றோமோ, அவர் வாசித்தது அவருக்கே கேட்டிருக்காது. அப்படியிருந்தும் கண்ணை மூடிக்கொண்டு கடைசிவரை வாசித்தார்.

முதல் பாட்டு மருதநிலாவுடையது. யோகா என் கையை நசுக்கிவிட்டாள். பாட்டு முடிந்ததும் பழக்கத்தில் நூறு பேரும் கையைத் தூக்கி, தட்டாமல், அப்படியே மடியில் வைத்தோம். ஒவ்வொரு பாட்டுக்கும் அதுதான் நடந்தது. வெண்மணலின் துள்ளல் பாட்டைக்கூட மெதுவாகத்தான் பாடினார்கள். கூட்டம் வாய்க்குள்ளேயே சேர்ந்து பாடியது. பெரிய மைதானங்களில் எத்தனையோ கச்சேரி கேட்டிருக்கிறேன். செல்வம் மூச்சு இழுக்கும் சத்தத்தை அன்றைக்குத்தான் கேட்டேன். மனிதர் மெலிந்து போயிருந்தார். தொண்டை அப்படியே இருந்தது.

ஐந்தாவதாக விளக்குப் பாட்டு. ‘அக்கரையில் ஒரு விளக்கு, யாருக்காக எரியுதோ’ என்று அவர் தொடங்கினார். முதல் சரணம் போனது. இரண்டாவதும் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது வரவேண்டிய இடத்தில் செல்வம் நின்றார். வலது கையை மைக் பிடித்திருப்பதுபோல முன்வரிசையை நோக்கி நீட்டினார். ரஞ்சன் தட்டிக்கொண்டே இருந்தார். யாரும் பாடவில்லை.

தாளமும் நின்றது. செல்வம் எங்களைப் பார்த்தார். “எனக்கு இது தெரியா. நான் ஒருநாளும் பாடினதில்ல. இந்த இடத்தில மைக்க நீட்டிருவன், முன்னுக்கு நிக்கிற புள்ளையள்தான் பாடுவாங்க. நேசனுக்குத் தெரியும். அவனும் இல்ல. ஆருக்கும் தெரிஞ்சா பாடுங்க.”

அந்த இடம் கச்சேரிகளில் எனக்கு ஏன் காதில் விழவே இல்லை என்று அப்போதுதான் புரிந்தது. மைதானத்தில் அந்தச் சரணம் பெண்பிள்ளைகளின் கூச்சல்தான். எழுதியவர் போனார், பாடிய பிள்ளைகளும் போனார்கள், பாடகர் மட்டும் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம்.

மூலையில் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் மெல்லத் தொடங்கினாள். ‘எண்ணெய் தீரும் நேரத்திலே.’ அவளுக்கு அவ்வளவுதான் தெரியும். அடுத்த வரியைப் பாடியது யாரென்று நினைக்கிறீர்கள்? என் பக்கத்தில் இருந்த யோகா. வாவி நாதத்தை வாய்க்கு வந்தபடி கிண்டல் பண்ணியவள். ‘பெண்ணொருத்தி கூப்பிட்டாள்’ என்று தலையைக் குனிந்துகொண்டு பாடினாள். களவாகக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். மூன்றாவது வரி என் வாயிலிருந்து வந்தது. எங்கிருந்து வந்தது என்று கேட்காதீர்கள். ‘கூப்பிட்ட குரலுக்கு’ என்று பாடினேன், கிணற்றடியில் குமுதா இழுக்கிற அதே இழுவையோடு. அதற்கு மேல் இல்லை.

நாலாவது வரி யாரிடமும் இல்லை. வெளியே சுவரோடு நின்றவர்களிடமும் கேட்டுவிட்டார்கள். செல்வம் சரணத்தை மறுபடி எடுத்தார். மூன்று வரியையும் எல்லோரும் பாடினோம், நாலாவது வரியின் மெட்டைக் குழுவில் இன்னொருவர் வைத்திருந்த மரக் கிட்டார் மட்டும் வாசித்தது. ஒருவேளை யாருக்காவது வந்துவிடும் என்று திரும்பத் திரும்பப் பாடினோம். வரவில்லை. நான் எவ்வளவு ஆசையோடு வாயைத் திறந்து வைத்திருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. அக்கரை ஆட்கள் பாதைக்குப் போக வேண்டும் என்று எழுந்தார்கள். யோகா என்னைக் கட்டிப்பிடித்து, “வாறன் கா” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நான் செத்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், யாரென்றே தெரியாத அந்தப் பெரியவரின் காலடியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்தேன்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். படுவான்கரைக்குப் போவதென்றால் கடைசிப் பாதை எத்தனை மணிக்கு என்று துறையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், காற்று அடித்தால் முன்னதாகவே நிறுத்திவிடுவார்கள். செட்டிபாளையத்தில் தங்குமிடம் கிடையாது, நகரத்தில் அறுநூறு எழுநூறு ரூபாய்க்கு அறை கிடைக்கும், இரவில் கடி தாங்காது, நுளம்புவலை இருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். தண்ணீர்ப் போத்தல், அடையாள அட்டை இரண்டும் கையில் இருக்கட்டும். கல்லடியில் கடற்கரைப் பக்கம் போனால், வேலி இல்லாத வெறும் வளவுகளுக்குள் நின்று படம் எடுக்காதீர்கள். அவை வீடுகள்.

இதை எழுதுவதே ஒன்று கேட்பதற்காகத்தான். சமாதான காலத்தில் வாவி நாதத்தின் கச்சேரிகளில் முன்வரிசையில் நின்ற பெண்களில் யாராவது, கனடாவிலோ லண்டனிலோ வாழைச்சேனையிலோ இருந்து இதை வாசித்தால், அந்த நாலாவது வரியைக் கீழே எழுதுங்கள். பிழையாக இருந்தாலும் பரவாயில்லை. வலப்பக்க மூலையில் மஞ்சள் சட்டையும் இரட்டைப் பின்னலுமாக ஒருத்தி உங்கள் எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடியிருப்பாள். வரி ஞாபகம் வராவிட்டால், அவளை ஞாபகம் இருக்கிறது என்றாவது எழுதுங்கள்.